ராபர்ட்டோ என்ற பெயர்: இத்தாலியில் தெருவுக்கு ஒருவர், வரலாற்றில் எத்தனை பேர்?

கணக்குப்பிள்ளை
ஒரு சின்ன சந்தேகம், பெரியவர்கள் தீர்த்து வைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு மிலானில் ஒரு வாடிக்கையாளர். புதன்கிழமைதோறும் வீடியோ கூட்டம். அந்தப் பக்கம் உட்காரும் ஏழு பேரில் மூன்று பேர் ராபர்ட்டோ. "ராபர்ட்டோ, நீங்கள் சொல்லுங்கள்" என்றால் மூன்று பேரும் ஒன்றாக வாயைத் திறக்கிறார்கள், அதனால் நாங்களே பெரிய ராபர்ட்டோ, கண்ணாடி ராபர்ட்டோ, சின்ன ராபர்ட்டோ என்று பெயர் வைத்துக்கொண்டோம். நேற்று சின்னவரிடம், உங்கள் பெயர் ரோமாபுரிப் பேரரசர் யாராவது ஒருவருடைய பெயரா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அது எங்கள் ஊர்ப் பெயரே இல்லை" என்றார். கூட்டம் முடிந்துவிட்டதால் மேலே கேட்க முடியவில்லை. ஓவில் முடிகிற பெயர் இத்தாலியப் பெயர் இல்லையென்றால் வேறு எதுதான் இத்தாலியப் பெயர்?

ஏட்டுச்சுவடி
உங்கள் சின்ன ராபர்ட்டோ சொன்னது சரிதான். அது லத்தீன் சொல்லே இல்லை, ஜெர்மானியப் பெயர். 'ஹ்ரோத்' என்றால் புகழ், 'பெர்ஹ்த்' என்றால் ஒளிர்வது. நம் ஊரில் வைத்தால் 'புகழொளி' என்று வைக்கலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீசர் காலத்து ரோமில் இந்தப் பெயரில் ஒரு குழந்தையைத் தேடிப் பிடிக்க முடியாது. மேற்கு ரோமானிய ஆட்சி சரிந்த பிறகு வடக்கிலிருந்து லொம்பார்டுகள் வந்தார்கள், பிராங்குகள் வந்தார்கள், கடைசியாக நார்மன்கள் வந்தார்கள். ஆல்பர்ட்டோ, உம்பர்ட்டோ, கில்பர்ட்டோ, லாம்பர்ட்டோ என்று 'பெர்ட்டோ' வாலோடு வருகிற பெயர்கள் எல்லாம் இப்படி வந்த ஒரே குடும்பம். வாலில் ஒரு ஓவைச் சேர்த்து இத்தாலிக்காரர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஆனால் ராபர்ட்டோவைத் தென் இத்தாலியில் ஆழ ஊன்றியவர்கள் நார்மன்கள், அதிலும் குறிப்பாக ஒரே ஒரு ஆள்.

பலெர்மோக்காரன்
அந்த ஒரு ஆள் பிடித்த ஊரில்தான் நான் இருக்கிறேன், ஆகவே நானே சொல்கிறேன். நான் யாழ்ப்பாணம், சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலே. இங்கே எங்கட சனம் நிறைய. பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவிடம் சைவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நேர்த்தி வைக்க ஏறுவார்கள், அது வேறு கதை.

ஆள் பெயர் றொபேர்த்தோ இல் குயிஸ்கார்தோ. பிரான்சின் வடக்கே நார்மண்டியில் ஒத்வில் என்ற சின்ன இடத்தில் தாங்க்ரெட் என்பவருக்குப் பன்னிரண்டு மகன்கள். அத்தனை பேருக்கும் பங்கு வைக்கக் காணி ஏது? ஒவ்வொருவராகத் தெற்கே பிழைக்கப் போனார்கள். இவர் கலாப்ரியா வந்த புதிதில் சும்மா கொள்ளைதான், ஆடு மாடு ஓட்டுவது, ஆட்களைப் பிடித்து வைத்துக் காசு கேட்பது. குயிஸ்கார்தோ என்றாலே தந்திரக்காரன் என்று பொருள். 1053இல் சிவித்தாத்தே என்ற இடத்தில் போப்பின் படையையே தோற்கடித்து ஒன்பதாம் லியோவைச் சிறைபிடித்த கூட்டத்தில் இவரும் ஒருவர். ஆறே வருடம் கழித்து 1059இல் மெல்ஃபியில் பின்னால் வந்த இன்னொரு போப் இவரையே அப்பூலியாவுக்கும் கலாப்ரியாவுக்கும் டியூக் ஆக்கினார், கூடவே அப்போது முஸ்லிம்கள் கையில் இருந்த சிசிலிக்கும் முன்கூட்டியே பட்டம் எழுதிக் கொடுத்தார். கையில் இல்லாத காணிக்கு உறுதி எழுதிக் கொடுத்த மாதிரி. 1071இல் பாரி விழுந்தது, இத்தாலியில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) ஆட்சி அதோடு சரி. 1072 ஜனவரியில் பலெர்மோ. கூடவே நின்று சண்டை பிடித்தவர் தம்பி ருஜ்ஜேரோ.

கணக்குப்பிள்ளை
அண்ணே, அப்படியானால் இந்தப் பெயரை ஊன்றியது ஒரு மாட்டுத் திருடரா!

ஏட்டுச்சுவடி
மாட்டுத் திருடர்தான், ஆனால் இத்தாலியக் கவி தாந்தே அவரைச் சொர்க்கத்தில் வைத்தார். 'பரதீசோ' பதினெட்டாம் காண்டத்தில், செவ்வாய் மண்டலத்தில், மறத்துக்காக ஒளிரும் ஆத்துமாக்களில் ஒருவராக வருகிறார். இத்தனைக்கும் 1084இல் ஏழாம் கிரிகோரி போப்பை ஜெர்மன் அரசன் முற்றுகையிலிருந்து மீட்கிறேன் என்று ரோமுக்குள் நுழைந்து, மீட்டதோடு நிற்காமல் இவர் படை ஊரையே சூறையாடியது. ரோம் மக்கள் கொதித்ததில் போப் இவரோடு சலேர்னோவுக்குப் போய், மறு வருடம் அங்கேயே இறந்தார். இவரும் அதே 1085இல் ஜூலை 17 அன்று கெஃபலோனியா தீவில் காய்ச்சலில் போனார். கல்லறை வெனோசாவில்.

பைசாந்திய இளவரசி அன்னா கொம்னேனா தன் வரலாற்று நூலில் இவரைத் திட்டிக்கொண்டே வர்ணிக்கிறார். நெடிய உருவம், சிவந்த முகம், பொன்னிற முடி, கண்ணில் பொறி, போரில் ஒரு கத்துக் கத்தினால் எதிர்ப்படை ஓடும். தன் அப்பாவோடு சண்டைக்கு வந்தவனைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார் என்றால் பாருங்கள்.

பெயர் பற்றிய இழை என்பதால் இன்னொன்று. இவருடைய மூத்த மகனுக்கு ஞானஸ்நானப் பெயர் மார்க்கோ. பிள்ளை பெரிய உருவமாக இருந்ததால், கதையில் கேட்ட ஒரு அரக்கனின் பெயரைச் சொல்லி அப்பா 'பொயமோந்தோ' என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. முதல் சிலுவைப் போரில் அந்தியோக்கியாவைப் பிடித்த பொஹிமோந்த் இந்த மார்க்கோதான்.

அப்புறம் நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட்டோ, ஆட்சிக் காலம் 1309 முதல் 1343 வரை. கவனியுங்கள், இவரும் பிரான்சிலிருந்து வந்த ஆஞ்சூ வம்சம், மறுபடியும் வெளியூர்க் கை. அண்ணன் லூயி முடி வேண்டாம் என்று துறவியாகப் போனதால் இவருக்கு அரியணை கிடைத்தது. புனிதரான அண்ணன் மேலிருந்து முடி பெற்றுக்கொண்டு, கீழே மண்டியிட்ட தம்பிக்குச் சூட்டுவதாகச் சிமோனே மார்த்தினி வரைந்த ஓவியம் நேப்பிள்ஸ் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசியல் சுவரொட்டி என்றே சொல்லலாம். ஓவியர் ஜொத்தோவை அழைத்து வந்து வேலை கொடுத்தார். 1341இல் பெத்ரார்க் ரோமில் கவிஞர் முடி சூடுவதற்கு முன்பு நேப்பிள்ஸ் போய் இவரிடம் மூன்று நாள் தேர்வு எழுதாத குறையாகப் பதில் சொல்லித் தேறினார். ஆனால் தாந்தேவுக்கு இவரைப் பிடிக்காது. பிரசங்கம் செய்ய வேண்டியவனை அரசனாக்கிவிட்டீர்கள் என்று ஒரு குத்து. கொள்ளைக்காரருக்குச் சொர்க்கம், படித்தவருக்குக் குத்து!

நள்ளிரவு கோல்
இவ்வளவு நேரமாகப் பேசுகிறீர்கள், ஒருவர் வாயிலும் கால்பந்து வீரர் ராபர்ட்டோ பாஜ்ஜோ வரவில்லையே, நியாயமா? 1994 ஜூலை, நம் ஊரில் நள்ளிரவு ஒரு மணிக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கியது, இத்தாலியும் பிரேசிலும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் டிவியை வெளியே எடுத்து வைத்துப் பதினைந்து பேர் பார்த்தோம், ஒரு கோலும் விழாமல் 120 நிமிடம், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், நான் தூங்கவில்லை. அமெரிக்காவில் பாசடீனாவில் கொளுத்தும் வெயில். கடைசியில் பெனால்டி. குடுமிக்காரர் வந்து பந்தை வைத்தார், ஓடினார், அடித்தார், பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. இடுப்பில் கை வைத்துத் தலை குனிந்து நின்றாரே, அந்தப் படம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவரால் தோற்றார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா என்று மூன்று நாக் அவுட் ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்து அணியை அங்கே தூக்கி வந்ததே அவர்தான். நைஜீரியாவுக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை இத்தாலி பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. பெனால்டியில் அவருக்கு முன்பே பரேசி வெளியே அடித்தார், மஸ்ஸாரோவின் பந்தை பிரேசில் கோல்கீப்பர் டஃபாரெல் தடுத்தார். பாஜ்ஜோ போட்டிருந்தால்கூட 3-3தான், பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை மிச்சம் இருந்தது. பழி மட்டும் கடைசியில் அடித்தவர் தலையில்.

திண்ணைக்குப் பின்னால்
அண்ணே, அந்த ஆட்டத்தில் இத்தாலி தொடக்க அணியில் இன்னும் இரண்டு ராபர்ட்டோ உண்டு. முஸ்ஸி, டோனடோனி. டோனடோனி 1990 அரையிறுதியில் நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர். எதிர் அணியில் பெபேட்டோ இருந்தாரே, அவருடைய முழுப்பெயரிலும் ராபர்ட்டோ இருக்கிறது, பெபேட்டோ என்பதே அதன் செல்லப் பெயர். பிரேசில் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

2021 ஜூலையில் வெம்ப்ளியில் இத்தாலி ஐரோப்பியக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் ராபர்ட்டோ மன்சீனி. அதுவும் பெனால்டியில்தான். 27 வருடத்தில் பெயர் ஒரு வழியாகக் கடனை அடைத்தது.

மாடக்குளம்
நம் ஊருக்கு வந்த ராபர்ட்டோவை விட்டுவிட்டீர்களே. ரொபெர்த்தோ தெ நொபிலி, ஏசு சபைப் பாதிரியார், பிறப்பு 1577, 1605இல் கோவா, 1606 இறுதியில் மதுரை. நாயக்கர் ஆட்சிக் காலம். அதுவரை கிறித்தவம் என்றால் பரங்கி மதம், பரங்கி என்றால் மாட்டிறைச்சி, மது, குளிக்காதவன் என்று ஊரில் எண்ணம். இவர் நான் பரங்கி இல்லை என்று காவி உடுத்தினார், குடுமி வைத்தார், புலால் விட்டார், பூணூல் போட்டார், தமிழும் வடமொழியும் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர். 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' எல்லாம் இவருடையவை. செய்யுளில் ஊறிய காலத்தில் இவ்வளவு நீளமாகத் தத்துவ வாதத்தை உரைநடையில் எழுதிய கை இவருடையது. குரு, கோவில், அருள், வேதம் போன்ற சொற்களைக் கிறித்தவத்துக்கு வளைத்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உடன் இருந்த மூத்த பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டசே புகார் எழுதினார். 1619இல் கோவாவில் விசாரணைக் கூட்டம். கடைசியில் 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரிகோரி, பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு இவற்றை அனுமதித்து ஆணை விட்டார். ஒரு குடுமிக்காக ரோம் வரை வழக்குப் போனது. முதுமையில் பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் இறந்தார்.

பலெர்மோக்காரன்
மயிலாப்பூருக்கு முதல் எங்கட யாழ்ப்பாணத்திலும் கொஞ்சக் காலம் இருந்தவர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

சந்தேகப் பிராணி
மாடக்குளம் ஐயா, பூணூல் போட்டார் என்று பெருமையாக எழுதுகிறீர்கள், அதன் மறுபக்கம் எங்கே? மேல்சாதி மக்களைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக மற்ற கிறித்தவர்களோடு சேர்ந்து உண்ணாமல், தனிக் கோவில் கட்டி, தனியாக வாழ்ந்தார். 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று எளிய மக்களுக்கு வேறு வகைக் குருமார். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் சாதி அப்படியே நிற்கலாம் என்று சொல்லிக்கொடுத்த ஏற்பாடு இது. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று தென் மாவட்டத்துத் தேவாலயங்களில் தனி வரிசையில் உட்கார்ந்த குடும்பங்களைக் கேளுங்கள்.

இன்னொரு ராபர்ட்டோவும் இதே குடும்பத்துச் சொந்தம்தான், கர்தினால் பெல்லார்மினோ. தத்துவஞானி ஜொர்தானோ புரூனோவை எரித்த விசாரணையில் இருந்தவர், கலிலியோவின் வாயைக் கட்டியவர். பிறகு புனிதர் பட்டம் வேறு.

மாடக்குளம்
தோழர், சாதி பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. நான் எழுதாமல் விட்டது தவறு. அவர் சாதியைச் சமயத்தோடு தொடர்பில்லாத சமூக வழக்கம் என்று பார்த்தார், அந்தப் பார்வையில்தான் ஓட்டை. ஆனால் உரைநடையையும் அதற்காகத் தள்ளிவிட முடியாது, இரண்டும் ஒரே ஆளுடையவை.

பெல்லார்மினோ விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1615இல் ஃபொஸ்கரினி என்ற துறவிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பூமிதான் சுற்றுகிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் இருந்தால் வேதத்தை விளக்குவதில் மிகக் கவனமாக நடக்க வேண்டும், எங்களுக்குப் புரியவில்லை என்று சொல்வது மேல், ஆனால் அப்படி ஒரு நிரூபணத்தை எனக்கு யாரும் காட்டவில்லை என்கிறார். 1616இல் கலிலியோவைக் கூப்பிட்டு அந்தக் கருத்தை விடச் சொன்னார். ஊரில் வதந்தி கிளம்பியதும் கலிலியோ தன் கருத்தை மறுத்துச் சபதம் எதுவும் செய்யவில்லை, தண்டனையும் இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்ததும் அவரே. 1633இல் பெரிய விசாரணை நடந்தபோது அவர் இறந்து 12 வருடம் ஆகிவிட்டது, கலிலியோ அந்தச் சான்றிதழைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

சந்தேகப் பிராணி
அழகாக எழுதிய கடிதத்தால் புரூனோ உயிர் பிழைக்கவில்லை. 1600 பிப்ரவரி 17, காம்போ தெ ஃபியோரி சதுக்கம்.

காவலாளி
இழை பெயரைப் பற்றியது. வாதம் நன்றாகத்தான் போகிறது, ஆனால் அடுத்த பதிவு யாருடைய மதத்தையாவது இழுத்தால் பூட்டு.

நிரல்மாடன்
பூட்டுவதற்கு முன்பு மூன்றாவது ஏசு சபை ராபர்ட்டோவையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் சண்டை வராது. ரொபெர்த்தோ பூசா, 1913இல் விசென்சாவில் பிறந்த பாதிரியார். லத்தீனில் எழுதிய இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 'உள்' என்ற பொருளில் வருகிற 'இன்' என்ற ஒட்டுச் சொல்லை எங்கெங்கே பயன்படுத்துகிறார் என்று ஆராயப் போய்ப் பத்தாயிரம் அட்டை கையால் எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. அக்வினாஸ் எழுதியதையும் சார்ந்தவற்றையும் சேர்த்தால் ஒரு கோடிச் சொல்லுக்கு மேல்.

1949இல் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் வாட்சனைப் பார்த்தார். இது எங்கள் இயந்திரத்தால் ஆகாது என்றாராம் அவர். வரவேற்பறையில் இருந்த அவர்கள் கம்பெனிச் சுவரொட்டியையே பூசா எடுத்து நீட்டினார், கடினமானதை உடனே செய்வோம், முடியாததற்குக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று அதில் அச்சடித்திருந்தது. வாட்சன் மடங்கிவிட்டார். துளை அட்டையில் தொடங்கிய வேலை 30 வருடம் கழித்து 56 தொகுதியாக முடிந்தது. இன்று தமிழ்ச் சொல்லடைவு செய்கிறோம், தேடுபொறி வைத்துச் சங்கப் பாட்டில் 'நெய்தல்' எத்தனை முறை என்று பார்க்கிறோமே, அந்த வகை வேலைக்கெல்லாம் முதல் ஏர் பூட்டியவர்களில் ஒருவர் இந்தச் சாமியார். என் ஓட்டு இவருக்கு.

புணர்ச்சி விதி
ஒரே இழையில் ராபர்ட்டோ, ரொபெர்த்தோ, றொபேர்த்தோ. யாராவது ஒருவர் முடிவு சொல்லுங்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். இத்தாலியனில் அந்த எழுத்து நம் 'ட' இல்லை, நாக்கு பல்லைத் தொடும் 'த'. ஆங்கிலேயன் வழியாக வந்ததால் நாம் 'ட்' போட்டுப் பழகிவிட்டோம். 'ரொபெர்த்தோ' என்று எழுதிவிட்டு நம் இயல்பில் வாசித்துப் பாருங்கள். உயிர்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் 'ப' தானாகவே மெலிந்து ஒலிக்கும், 'த்த' இரட்டித்ததால் வல்லோசை நிற்கும். இத்தாலிக்காரன் சொல்வது கிட்டத்தட்ட அதுவேதான். கிரந்தம் வேண்டாம், புள்ளி வைத்த புது எழுத்து எதுவும் வேண்டாம். பாஜ்ஜோவில் ஒற்று இரட்டிப்பதும் சரிதான், அவர்களுக்கும் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும்.

ஒரே குறை, நன்னூல்படி ரகரம் மொழிக்கு முதலில் வராது. இலக்கணம் தவறாமல் எழுத வேண்டுமென்றால் இரொபெர்த்தோ.

நள்ளிரவு கோல்
இரொபெர்த்தோ பாஜ்ஜோ! ஆள் இன்னொரு பெனால்டியை வெளியே அடித்துவிடுவார், விடுங்கள் ஐயா.

திரைச்சீலை
சினிமாக்காரர்களை நான் வேகமாக முடித்துவிடுகிறேன். ரொபெர்த்தோ ரொசெல்லீனி, போர் முடிந்த சூட்டோடு 1945இல் 'ரோம், திறந்த நகரம்' எடுத்தவர். 1957இல் இந்தியாவில் படம் எடுத்தார், அந்தப் படத்தைவிட அவருடைய காதல் விவகாரம்தான் நம் பத்திரிகைகளில் அதிகம் ஓடியது. இங்ரிட் பெர்க்மனோடு பிறந்த மகனுக்கும் அதே பெயர், வீட்டில் ரொபெர்த்தீனோ.

அடுத்து பெனீஞ்ஞி. 1999 ஆஸ்கார் மேடையில் வெளிநாட்டுப் பட விருதின் உறையைப் பிரித்த சோபியா லோரன் படத்தின் பெயரைச் சொல்லவில்லை, "ரொபெர்த்தோ!" என்று கூவினார். அரங்கில் அத்தனை பேருக்கும் புரிந்தது. மனிதர் நாற்காலிகளின் முதுகில் ஏறி நின்றார். அன்றே சிறந்த நடிகர் விருதும் அவருக்குத்தான். ஊருக்குத் திரும்பியும் சும்மா இருக்கவில்லை, ஃபிளாரன்சில் சாந்தா குரோசே சதுக்கத்தில் தாந்தேவை மனப்பாடமாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார்.

துன்பக் கதையும் உண்டு. வங்கிக்காரர் ரொபெர்த்தோ கால்வி 1982 ஜூனில் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் தூக்கில் தொங்கினார், சட்டைப் பைகளில் செங்கல். கொலை என்று வழக்கு நடந்து 2007இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை. ரொபெர்த்தோ சவியானோ 2006இல் நேப்பிள்ஸ் கமோரா கும்பலைப் பற்றி எழுதியதிலிருந்து போலீஸ் காவலோடுதான் வாழ்கிறார்.

பலெர்மோக்காரன்
ஒருவரும் கவனிக்கவில்லையா? குயிஸ்கார்தோ செத்தது ஜூலை 17. பாஜ்ஜோ அடித்தது அமெரிக்கத் தேதிப்படி ஜூலை 17. பெல்லார்மினோ செத்தது செப்டம்பர் 17, இங்கே றொபேர்த்தோக்கள் நாமவிழா கொண்டாடுவதும் அன்றுதான். புரூனோ பிப்ரவரி 17. இத்தாலியில் அபசகுன எண் 13 இல்லை, 17! லத்தீன் எண்ணில் எழுதி எழுத்தை மாற்றிப் போட்டால் 'விக்ஸி' என்று வரும், வாழ்ந்து முடித்தேன் என்று பொருள், அதாவது செத்தேன்.

ஏட்டுச்சுவடி
1085 பழைய ஜூலியன் நாட்காட்டி அண்ணை, இன்றைய கணக்கில் அது 17 ஆகாது.

பலெர்மோக்காரன்
நல்லாய் இருந்த கதையில் மண் அள்ளிப் போட்டியள்.

கணக்குப்பிள்ளை
அனைவருக்கும் நன்றி, இன்று புதன்கிழமை. கூட்டம் தொடங்கும் முன் சின்ன ரொபெர்த்தோவிடம் (இனி 'த்த' தான்) குயிஸ்கார்தோ, தெ நொபிலி, பூசா என்று அவிழ்த்துவிட்டேன். மதுரைக்கு ஒரு ரொபெர்த்தோ வந்தார் என்பது மூன்று பேருக்கும் தெரியவில்லை. 17 கதையைச் சொன்னதும் கண்ணாடிக்காரர் மேஜையின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டார், நாம் மரத்தைத் தட்டுகிற மாதிரி அங்கே இரும்பாம்.

உங்களுக்கு யாருடைய பெயர், புனிதரா அரசரா என்று சின்னவரைக் கேட்டேன். பிறந்தது 1994 ஜனவரியாம். அப்பா, பாஜ்ஜோ அப்போது ஆடிய யுவென்டஸ் அணிக்குப் பைத்தியம், முந்தைய மாதம்தான் பாஜ்ஜோவுக்குத் தங்கப் பந்து விருது அறிவித்திருந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பாசடீனா. அதற்கு அப்புறம் யார் கேட்டாலும் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைத்திருக்கிறோம் என்று அப்பா சொல்லத் தொடங்கினாராம். தாத்தாவின் பெயர் கார்லோ.